அம்மா சொல்லாத நாற்பது நிமிடம்

வில்லியனூரில் உரக்கடைக்கு மேல்மாடியில் டிராவல்ஸ் வைத்திருந்த அந்த அக்கா ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை. பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை என்றும் சொல்வார்கள். ஆனால் பாரிஸுக்கு எந்தெந்த ஊரில் இறங்கி மாறலாம், அங்கே கழிப்பறை இடது பக்கமா வலது பக்கமா, குடிதண்ணீர்க் குழாய் எந்தத் தூணுக்குப் பின்னால் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். போய்விட்டு வந்தவர்களைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம்.

"போறதுக்கு முன்னாடி தேங்க்ஸ் சொல்லாட்டி போவுது. வந்தப்புறம் ஒரு எட்டு வந்து சொல்லிட்டுப் போங்க" என்பார். டிக்கெட் வாங்குகிற எல்லாரிடமும் அவர் போடும் ஒரே நிபந்தனை அது. வராதவர்களுக்கு போன் போட்டுக் கூப்பிடுவார். பாகூரில் ஒரு புதுப்பெண் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்து இறங்கிய மூன்றாம் நாள் இவர் போனில், "நடுவுல எறங்கின எடத்துல பாத்ரூம் சுத்தமா இருந்துச்சா? கியூவா?" என்று கேட்டிருக்கிறார். மாமியார் வீட்டில் நாலு பேர் நடுவில் அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்? "நல்லா இருந்துச்சிக்கா" என்று சொல்லி வைத்துவிட்டாளாம். அக்கா விடவில்லை. அடுத்த வாரம் நேரிலேயே வரவைத்து எழுதிக்கொண்டார்.

எழுதுவது நீல அட்டை போட்ட நீள நோட்டில். ஊருக்கு ஒரு நோட்டு. பென்சிலில்தான் எழுதுவார். "பேனாவுல எழுதினா அவுங்க அங்க செவத்த இடிக்கிறப்ப நாம இங்க நோட்டக் கிழிக்கணும்" என்று காரணம் சொன்னார்.

நான் முதன்முதலில் அந்த மாடிக்குப் போனபோது நல்லவாடு என்ற கடலோரக் கிராமத்துக்காரர் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். வளைகுடாவில் மீன்பிடி வேலைக்குப் போய்த் திரும்பியவர். அக்கா அவரை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"எறங்கி, அடுத்த கேட்டுக்கு எவ்ளோ நேரம் நடந்த?"

"கணக்கு வெக்கலக்கா."

"ஒரு பீடி குடிக்கிற நேரமா, ரெண்டு பீடியா?"

அவர் யோசித்தார். "ரெண்டரை இருக்கும்."

அக்கா அதைக் குறித்துக்கொண்டார். பிறகு அந்த வழியாகப் போகும் வில்லியனூர்க்காரர்களிடம், "தேரடியிலேர்ந்து ரயில்வே கேட்டு வரைக்கும் நடக்கணும்னு வெச்சிக்குங்க" என்பார். பாகூர்க்காரர் என்றால் ஏரிக்கரையில் பாதி. மீட்டரிலோ நிமிடத்திலோ அவர் தூரம் சொல்லி நான் கேட்டதில்லை. பயணம் போகிறவருக்கு இதையெல்லாம் ஒரு தாளில் படமாக வரைந்து கொடுப்பார். படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்தே இல்லாமல் அம்புக்குறியும் படிக்கட்டும் நாற்காலியும் மட்டும். அந்தத் தாளுக்காகவே வந்தவர்கள் உண்டு.

அவருக்குக் குடும்பம் இருந்ததா, சொந்த ஊர் எது, இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அத்தனை பேரைக் கேட்டுக்கொண்டிருந்தவரை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. காரைக்கால் பக்கம் போய்விட்டதாகக் கடைசியாகக் கேள்விப்பட்டேன்.

அப்போது நான் சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி செய்கிற ஒரு கம்பெனியில் டிஸ்பாட்ச் பிரிவில் இருந்தேன். என் தம்பி பாரிஸுக்குப் பக்கத்தில் இருந்தான். அவன் மனைவிக்குப் பிரசவ நேரம். அம்மா போக வேண்டும். அம்மா முப்பது வருடம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். எழுத்து தெரியாது. எண் தெரியும், பஸ் நம்பரால் கற்றுக்கொண்டது. சென்னையைத் தாண்டிப் போனதில்லை.

டிக்கெட்டை நான் ஏற்கெனவே போனில் பார்த்து வைத்திருந்தேன். நாள் கொடுத்தால் நூறு விமானம் வரிசையாக வருகிறது. விலை குறைந்தது மேலே, நேரம் குறைந்தது மேலே, எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். அக்காவிடம் போனது, அவர் சொல்லும் விலை அதைவிடக் குறைவா என்று பார்க்கத்தான். அவர் விலையே சொல்லவில்லை.

"யாரு போறாங்க?"

"எங்கம்மா."

"இட்டுனு வா."

"டிக்கெட் போடத்தானேக்கா? பாஸ்போர்ட் காப்பி போதாதா?"

"பாஸ்போர்ட்டா நடந்து போவுது?"

அடுத்த சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிப் போனேன். அம்மா மாடிப்படி ஏறுவதை அக்கா மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் அம்மா கைப்பிடியைப் பிடித்து நின்றதும் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, முட்டி வலியா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. புதுப் படி, அதான்."

"வீல்சேர் சொல்லிடறேன். அவுங்களே தள்ளினு போயி வுட்டுடுவாங்க."

"நான் இன்னா நொண்டியா?" என்று அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

அக்கா வற்புறுத்தவில்லை. நடுவில் ஆறு மணி நேரம் நின்று போகும் விமானமாகச் சொன்னார். நான் போனில் பார்த்ததில் இரண்டரை மணி நேரம்தான். விலையும் குறைவு. யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கி வந்தேன். திங்கட்கிழமை மதியம் கம்பெனி கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டே போனில் டிக்கெட்டைப் போட்டுவிட்டேன். சாம்பார் சாதம் முடிவதற்குள் வேலை முடிந்தது.

அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாகப் போவதைத் தவிர்த்தேன். பத்து நாள் கழித்து அவரே போன் செய்தார்.

"போன்ல போட்டுட்டியா?"

"ஆமாக்கா. அது வந்து..."

"அது கெடக்குது வுடு. எந்த ஊர்ல மாறுறாங்க? அம்மாவ ஒரு நடை வந்து தாள வாங்கினு போவச் சொல்லு."

அம்மாவுக்கான தாளில் ஒரு ரயில் வரைந்து, அதன் மேல் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தார். அந்த விமான நிலையத்துக்குள்ளேயே ஒரு குட்டி ரயில் ஓடுமாம். கூட்டமெல்லாம் அதில் ஏறும். அம்மா ஏறக் கூடாது. படியிறங்காமல் நேராக நடந்தால் போதும். இதை அம்மாவை மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தார்.

அம்மா போய்ச் சேர்ந்தார். தம்பி விமான நிலையத்திலிருந்து வீடியோவில் காட்டினான். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன வெற்றி. இரண்டரை மணி நேரம் போதுமாகத்தானே இருந்தது?

மூன்று மாதம் கழித்துப் பேத்தியைப் பார்த்த பூரிப்போடு அம்மா திரும்பி வந்தார். அக்கா கூப்பிட்டனுப்பினார். போன அம்மா ஒரு மதியம் முழுக்க அங்கேயே இருந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, "என்னிய யாரும் இவ்ளோ கேட்டதில்லடி. ஜன்னல்ல இன்னா தெரிஞ்சிச்சி, சோறு எப்பிடி இருந்துச்சின்னு எல்லாம் கேட்டு எழுதிக்கிச்சி அந்தப் பொண்ணு" என்றார். தம்பி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை என்பது அதில் அடக்கம்.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். பாகூர்க்காரர் ஒருவர், பாரிஸில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை செய்பவர், தங்கை கல்யாணத்துக்கு வந்திருந்தார். அங்கே தங்குவதற்கான அவருடைய அட்டை சீக்கிரமே காலாவதியாகவிருந்தது. கல்யாணம் முடிந்த கையோடு கிளம்பச் சொன்னார் அக்கா. மறுவீட்டு விருந்து, சொந்தக்காரர் வீட்டு விருந்து என்று தள்ளிக்கொண்டே போய், ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்வதாக டிக்கெட் வாங்கினார். திங்கட்கிழமை அட்டையைப் புதுப்பிக்க அவருக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். செவ்வாயோடு அட்டை செல்லாது.

சென்னையில் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. அம்மா மாறிய அதே ஊரில்தான் அவரும் மாற வேண்டும். கையில் அக்காவின் தாள். இறங்கினார், தாளில் இருந்தபடி கீழே ஓடினார், குட்டி ரயிலில் ஏறினார், இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கினார். அவருடைய கேட் அங்கே இல்லை. விமானத்தை விட்டு இறங்கிய இடத்திலிருந்து படியிறங்காமல் நேராகக் கொஞ்ச தூரம் நடந்திருந்தால் வந்திருக்கும். திரும்பி ஓடிவந்தபோது கேட்டை மூடிவிட்டார்கள்.

பள்ளி விடுமுறைக் காலம். அடுத்த இடம் புதன்கிழமைதான் கிடைத்தது. செத்த அட்டையோடு ஏற்றிக்கொள்ள மாட்டோம் என்று சொல்லி அவரைச் சென்னைக்கே திருப்பி அனுப்பினார்கள். பன்னிரண்டு வருடம் வேலை செய்த ஊருக்குப் போக வழியில்லாமல் அவர் பாகூர் வீட்டில் வந்து உட்கார்ந்தார்.

அவர் மச்சானோடு வந்து சத்தம் போட்ட அன்று சனிக்கிழமை. கம்பெனிக்காக டிக்கெட் விஷயம் ஒன்று கேட்க நானும் அங்கே போயிருந்தேன்.

"யாரு உனுக்கு இந்த ரயிலச் சொன்னது? எந்தப் பேமானி சொன்னான்? அவனக் கூப்புடு!" தாளை மேசை மேல் வீசினார்.

அக்கா எழுந்து நின்றார். "எழுதினது நானு. நோட்டு என்னுது. தப்பும் என்னுது தம்பி."

"ஒரு நோட்டு வெச்சினு ஊரையே ஏமாத்தினு கீற. போன்ல பாத்துப் போயிருந்தாகூடப் போய்ச் சேந்திருப்பேன். ஏரோப்ளேனக் கண்ணால பாத்திருக்கியா நீ?"

"இல்ல தம்பி" என்றார் அக்கா.

வந்தவர் தாளை எடுக்காமலே படியிறங்கினார். கீழே போய் உரக்கடை வாசலில் நின்று அழுதார் என்று கடைக்காரர் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு, "எந்த ஊர்ல?" என்று கேட்டார். சொன்னேன். "ரயில்ல ரெண்டாவது எடத்துல எறங்கச் சொல்லி இருந்துச்சா?" என்றார். நான் அதைச் சொல்லவே இல்லை.

பிறகு மெதுவாகச் சொன்னார். விமானத்திலிருந்து இறங்கியதும் எல்லாரும் படியில் இறங்கினார்கள். அம்மாவும் பயத்தில் கூட்டத்தோடு இறங்கி ரயிலில் ஏறிவிட்டார். இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கிய பிறகுதான் தாளில் இருந்த பெருக்கல் குறி ஞாபகம் வந்தது. ஒரு தூண் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ அழைத்துவந்து சரியான கேட்டில் விட்டிருக்கிறார்கள்.

"அக்காகிட்ட ஏம்மா சொல்லல?"

"மூணு தபா திருப்பிச் சொல்ல வெச்சிச்சி. அப்பவும் தப்பாப் போனேன்னு எந்த மொகத்த வெச்சினு சொல்றது? ரயில்னு வாய்ல வந்துடுச்சி. சரின்னு, ரெண்டாவது எடத்துல எறங்கினதும் கேட்டு இருந்துச்சி, போய்ச் சேந்தேன்னேன். முட்டாள்னு நெனச்சிக்குமேன்னு..."

மறுநாள் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராக அக்காவிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமையும் திறந்துதான் வைத்திருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. அன்னிக்கி உங்கம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். எறங்கின நேரம் தெரியும், கேட்டுல போயி ஒக்காந்த நேரம் அவுங்களே சொன்னாங்க. நடுவுல நாப்பது நிமிசம் கணக்குல கொறையுது. ரயிலு, நடை எல்லாம் சேத்தாலும் கொறையுது. அப்பவே பாத்தேன்."

"அப்புறம் ஏன்க்கா கேக்கல?"

"சந்தோசமாப் பேசினு இருந்தாங்கடி. பேத்தி கதை சொல்லினு இருந்தாங்க. நடுவுல போயி, 'இங்க நாப்பது நிமிசம் இன்னா பண்ணீங்க'ன்னு எப்பிடிக் கேக்கறது? வுட்டுட்டேன். ரயில்ல போனாங்களே, கேட்டை எல்லாம் மாத்திட்டாங்க போலன்னு பழசை அழிச்சிட்டு எழுதிட்டேன்." பென்சில் தூளை ஊதிவிட்டார். "இத்தினி வருசத்துல கேக்காம வுட்டது அது ஒண்ணுதான்."

அதை அவர் வருத்தமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. ஒரு விவரம் போலத்தான் சொன்னார். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அன்று என் அம்மாவின் பெயரைச் சொல்லியிருந்தால் அந்தச் சமையல்காரரின் கோபத்தில் பாதி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கும். அவர் சொல்லவில்லை, கடைசிவரை சொல்லவில்லை.

அடுத்த இரண்டு மாதம் அவர் பெரும்பாலும் அலுவலகத்தில் இல்லை. திரும்பிப் போவதற்கான விசாவுக்கு அந்தச் சமையல்காரரோடு பாண்டியில் இருக்கிற பிரெஞ்சுத் தூதரக அலுவலகத்துக்கு அலைந்தார். சம்பளச் சீட்டு, வாடகைச் சீட்டு, விமானம் தவறியதற்கு விமானக் கம்பெனியிடமிருந்து கடிதம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். முதல் சில வாரங்கள் அந்த மனிதர் இவரோடு பேசவே இல்லையாம். அவர் உள்ளே போவார், இவர் வெளியே பிளாட்பாரத்தில் நிற்பார், இருவரும் தனித்தனி பஸ்ஸில் திரும்புவார்கள். விசா கிடைத்த அன்று அவர் இரண்டு டீ வாங்கி ஒன்றை இவரிடம் நீட்டினார் என்று அக்காவே சொன்னார். டிக்கெட்டை அவர் போனில் போட்டுக்கொண்டார். "அதான் நல்லது" என்றார் அக்கா. பழைய வேலை போய்விட்டிருந்தது. ஒரு ரொட்டிக் கடையில் வேறு வேலை கிடைத்தது.

அவர் கிளம்பிப் போன செய்தி கேட்ட பிறகு ஒருநாள் அம்மா சேலை மாற்றிக்கொண்டு, "என்னிய அங்க இட்டுனு போ" என்றார். மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினார்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா உட்காரவில்லை.

"தப்பாப் போயிட்டேம்மா அன்னிக்கி. நீ வேணாம்னு சொன்ன ரயில்லதான் ஏறினேன்."

"ஒக்காருங்க. மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்று அக்கா நோட்டை எடுத்தார்.

அம்மா சொன்னார். தூணோரம் உட்கார்ந்து அழுதது, தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தது, நாற்காலி காலியாக இருந்தும் அதில் உட்காரப் பயந்தது, தரை துடைக்கிற ஒரு பெண் வந்து தோளைத் தொட்டது. அவளுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு வேறு எதுவும் தெரியாது. அவள் போர்டிங் பாஸைப் பார்த்துவிட்டு, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துத் திரும்ப ரயிலேற்றி, கேட் வரைக்கும் கூட்டிப்போய் விட்டிருக்கிறாள்.

"இன்னா உடுப்பு போட்டிருந்தாங்க?"

"ஊதாச் சட்டை."

அக்கா எழுதினார். பிறகு பென்சிலைக் கீழே வைத்தார்.

"அந்தத் தம்பி ஓடினானே, அவன் எதிர்லயும் ஊதாச் சட்டைக்காரங்க பத்துப் பேரு வந்திருப்பாங்க. ஒருத்தரையும் கேக்கல. எப்பிடிக் கேப்பான்? கையிலதான் என் தாளு இருந்துச்சே."

அம்மாவுக்கு அது புரிந்ததா தெரியவில்லை. "ஆமாமா" என்றார்.

அதற்குப் பிறகு அக்கா யாருக்கும் தாள் கொடுக்கவில்லை. டிக்கெட் போட்டார், போய் வந்தவர்களைக் கேட்டார், நோட்டில் எழுதினார். தாள் கேட்டு வந்தவர்களுக்கு வேறொன்று வைத்திருந்தார். அதை நான் ஒருமுறை நேரில் பார்த்தேன். மகனிடம் போகவிருந்த ஒரு விவசாயி, அறுபத்தைந்து வயதிருக்கும், வில்லியனூரிலேயே பிறந்து வளர்ந்தவர். "வழி எழுதிக் குடும்மா" என்றார். அக்கா அவரை ஜன்னலுக்குக் கூட்டிப்போனார்.

"கீழ போங்க. தெரிஞ்சவங்க வேணாம். மொகம் தெரியாத யாரையாவது நிறுத்தி, தபால் ஆபீசுக்கு எப்பிடிப் போவணும்னு கேளுங்க."

"இன்னாம்மா இது? தபால் ஆபீசு எனக்குத் தெரியாதா?"

"தெரியும். கேட்டுட்டு வாங்க."

பெரியவர் முனகிக்கொண்டே இறங்கினார். நாங்கள் மேலிருந்து பார்த்தோம். இரண்டு பேரை விட்டுவிட்டார். வாய் திறப்பதற்குள் அவர்கள் கடந்து போய்விட்டார்கள். அடுத்து தலையில் கீரைக்கட்டோடு வந்த ஒரு பெண்ணிடம் கையை நீட்டி ஏதோ கேட்டார். அவள் நின்றாள். ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திசை காட்டினாள். அவருக்குப் புரியவில்லையோ என்று நினைத்தாளோ என்னவோ, வந்த வழியே திரும்பி அவரோடு நடக்க ஆரம்பித்தாள்.

பெரியவர் ஒருமுறை மாடியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் அவள் பின்னால் போனார்.